பிரிக்கத் தெரிந்த கை

டில்லி மாநகருக்குக் குளிர்காலம் வரப் போகிறது என்பதை அறியப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை; மூக்கு ஒன்று இருந்தால் போதும். ஐப்பசி பிறக்கும் தறுவாயில், ஒரு மாலைப் பொழுது, வீதியில் நடந்து போகும்போதே கனத்த வாசனை ஒன்று எதிரே வந்து நம்மை நிறுத்தும். ஏழிலைப்பாலை பூத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாசனை சிலருக்குச் சொர்க்கம், சிலருக்குத் தலைவலி. அதற்கு அடுத்த வாரத்தில் வீட்டுக்கு வீடு தகரப் பெட்டிகளைத் திறப்பார்கள். ஆறேழு மாதம் இருட்டில் கிடந்த கம்பளிகளும் ரஜாய்களும் மொட்டைமாடிக்கு வந்து வெயில் காயும். அந்துருண்டையின் வாசனை தெருவெல்லாம் பரவும். மூன்றாவதாக ஒரு வாசனையும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். எடுத்த எடுப்பிலேயே நேயர்களை இரும வைப்பது மரியாதை அல்ல.

இந்தப் பருவத்துக்கு ‘இலையுதிர் காலம்’ என்று புத்தகங்களில் ஒரு பெயர் உண்டு. குளிர் தேசத்து மரங்களைப் பார்த்து வைத்த பெயர் அது. டில்லி மரங்கள் அந்தப் பெயருக்குக் கட்டுப்படுவதில்லை. இங்கே வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் கண்ணுக்குத் தெரிய உதிர்வது விடியற்காலையில் பவழமல்லிப் பூ ஒன்றுதான். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் ‘கூதிர்’ என்றார்கள். அதுவே பொருத்தமான பெயர் என்று நமக்குத் தோன்றுகிறது. குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தமிழ்க் குழந்தைகள் அறிவார்கள். அந்தப் போர்வையைச் செய்த கை யாருடையது என்று எந்தப் புலவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஊசியும் கம்பளி நூலும் கையுமாக ஐம்பது கூதிர் காலங்களுக்கு மேல் கழித்துவிட்ட நமக்கோ, அந்தக் கேள்விதான் முதலில் தோன்றுகிறது.

1971-ஆம் வருஷம் புரட்டாசியில், கல்யாணமான மூன்றாவது மாதம், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பிரயாணம் செய்து நாம் டில்லியில் வந்து இறங்கினோம். நமக்குச் சொந்த ஊர் கும்பகோணம். அங்கே குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் காவேரியில் முழுகி எழுந்தால் ஐந்து நிமிஷம் இருக்கிற விஷயம். ஆகையால் நம் பெட்டியில் இருந்த கம்பளி, பாட்டியார் கொடுத்தனுப்பிய சால்வை ஒன்று மட்டுமே. நம் வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் காரியாலயம் ஒன்றில் குமாஸ்தா. ஜாகை, லாஜ்பத் நகரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதி. 1947-இல் தேசம் பிரிந்தபோது உடுத்த துணியோடு வந்து சேர்ந்த பஞ்சாபிகளுக்காக ஏற்பட்ட குடியிருப்பு அது.

வீட்டுக்கு உடைய அம்மாள் கீழ்ப் பகுதியில் இருந்தார். அவருடைய குழந்தைகள் அவரைப் ‘பீஜி’ என்று அழைத்தார்கள். அம்மா என்று அர்த்தம். தெரு முழுவதும் அப்படியே அழைத்தது, நாமும் அழைத்தோம். பதின்மூன்று வயதில் லாகூரை விட்டு வந்தவர் அவர். டில்லியில் தம்முடைய முதல் குளிர்காலத்தைக் கிங்ஸ்வே அகதிகள் முகாமில் கழித்தார். அங்கேதான், சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் இரண்டைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு, காலுறை பின்னக் கற்றாராம். ஒரு ஜோடி முடித்தால் கொஞ்சம் காசு கிடைக்கும். நமக்குப் பின்னல் பொழுதுபோக்கு. அவருக்கு அது முதலில் சோறாக இருந்தது. இதை நாம் ஒரு நாளும் மறந்ததில்லை.

நமக்கு ஹிந்தி தெரியாது. பீஜிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பாடம் கையால் நடந்தது. நாம் கற்ற முதல் மூன்று ஹிந்தி வார்த்தைகள் பந்தா, சீதா, உல்டா. ஊசியில் ஏறும் ஒவ்வொரு சுருக்கும் ஒரு பந்தா. தமிழில் கண்ணி என்று சொல்லிக்கொள்ளலாம். நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணியை இழுத்தால் சீதா. முன்னால் வைத்துக்கொண்டு இழுத்தால் உல்டா. உலகத்துப் பின்னல் சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டுக்குள் அடக்கம். அந்த மூன்று வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு காய்கறிக்காரனோடு பேரம் பேச முடியாது என்பதையும் அதே வாரத்தில் அறிந்தோம்.

அந்த டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டது. இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். கீழ்க் கூடத்தில் தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து, ஜவான்களுக்கென்று முகம் மட்டும் தெரியும் கம்பளிக் குல்லாய் பின்னினார்கள். விளக்கில்லாத அறையில் பேச்சுக் குரலும், ஊசியோடு ஊசி உராயும் சப்தமுமே கேட்கும். நாமும் ஒரு குல்லாய் பின்னினோம். நான்கு இரவு வேலை. பகலில் அதைப் பார்த்த பீஜி, முகத்துக்கு நாம் விட்டிருந்த துவாரத்தில் தம் கையை நுழைத்துப் பார்த்தார். நாலு விரல்தான் நுழைந்தது.

“இதைப் போட்டுக்கொண்டால் சிப்பாய்க்கு எதிரியே தெரியமாட்டான்” என்றார். சொல்லிவிட்டு, முடிச்சை அவிழ்த்து நூலைப் பிடித்து இழுத்தார். நான்கு இரவு வேலை, நூறு எண்ணுவதற்குள் மடியில் வெறும் நூலாகக் கிடந்தது. நமக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதே பேட்டீ” என்றார் பீஜி. “துணியைத் தப்பாகக் கத்தரித்தால் துணி போயிற்று. பானை உடைந்தால் பானை போயிற்று. இது ஒன்றுதான், எத்தனை தடவை தப்புச் செய்தாலும் நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிரிக்கத் தெரியாத கைக்குப் பின்னவும் தெரியாது.”

நம்முடைய இரண்டாவது குல்லாய் முடிவதற்குள், டிசம்பர் 17-ஆம் தேதி, சண்டை நின்றுவிட்டது. நம் குல்லாயை எந்த ஜவானும் அணிய நேரவில்லை என்பதே நாம் தேசத்துக்குச் செய்த சேவை.

அந்தக் குல்லாய்க்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருப்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பாலகிளாவா’ என்று பெயர். கிரிமியாவில், 1854-ஆம் வருஷம் அக்டோபர் 25-ஆம் தேதி ஆங்கிலேயர் ருஷ்யரோடு போர் புரிந்த ஊர் அது. அன்று குதிரைப் படையை நடத்திச் சென்ற கார்டிகன் பிரபுவின் பெயர், முன்புறம் பித்தான் வைத்த கம்பளிச் சட்டைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் சேனாதிபதி ராக்லன் பிரபு; வாட்டர்லூ யுத்தத்தில் வலக் கையை இழந்தவர். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் ஸ்வெட்டர்க் கை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. காலுறையின் விரல் பக்கத்தைத் தையல் தெரியாமல் மூடும் முறைக்குக் கிச்சனர் பிரபுவின் பெயர். அவர் 1902 முதல் 1909 வரையில் இந்தியாவில் பிரதம சேனாதிபதியாக இருந்தவர். அவர்கள் நடத்திய ராஜ்யம் போயிற்று; கையும் கழுத்தும் கால் விரலும் மிஞ்சின. அவற்றைப் பின்னிய ஸ்திரீகளின் பெயர் ஒன்றும் எந்தத் தையலிலும் இல்லை. பேகன் கதைதான் இங்கேயும்.

பின்னல் என்றால் வாய் பேசக் கை தானாக ஓடும் வேலை என்று புருஷர்கள் எண்ணுவதுண்டு. அது கணக்கு வேலை. அங்குலத்துக்கு 5 கண்ணி என்று கணக்கிட்டு, 36 அங்குலச் சுற்றளவுக்கு 180 கண்ணி ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை சற்று இளகி, அங்குலத்துக்கு 4½ கண்ணியாகப் போய்விட்டால் சட்டை 40 அங்குலம் ஆகிவிடும். அரைக் கண்ணிப் பிசகு நாலு அங்குலமாகத் தலையெடுக்கும். அக்குள் வரையில் 15 அங்குலம், அங்குலத்துக்கு 7 வரிசை என்றால், அதுவரைக்குமே 18,900 கண்ணிகள். ஆகையால்தான், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிறு துண்டு பின்னி அளந்து பாராமல் எந்த வேலையையும் ஆரம்பிக்கக்கூடாது என்பது பீஜியின் முதல் விதி. ஊசிக்கும் நம்பர் உண்டு. நெசவாளர்களின் நூலைப் போலவே, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். உடம்புக்கு 10-ஆம் நம்பர். அது 3¼ மில்லிமீட்டர் கனம். இடுப்பு, மணிக்கட்டு, கழுத்து ஆகிய இறுக்கமான ஓரங்களுக்கு 2¾ மில்லிமீட்டர் கனமுள்ள 12-ஆம் நம்பர்.

கம்பளி நூலுக்கும் குணம் உண்டு. ஆட்டு மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, துணி கெட்டித்துச் சுருங்கிவிடும், பிறகு விரியாது. இதை நாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, மைத்துனர் குழந்தைக்குப் பின்னிய ஒரு சட்டையை வெந்நீரில் தோய்த்துத் தெரிந்துகொண்டோம். அது வீண் போகவில்லை. அந்த வருஷம் நவராத்திரிக் கொலுவில், கம்பளிச் சட்டை அணிந்த மரப்பாச்சி நம் வீட்டில் மட்டுமே இருந்தது.

1972 ஐப்பசியில் நம் வீட்டுக்காரருக்கு முழுக் கை வைத்த நீல ஸ்வெட்டர் ஒன்று பின்னினோம். உடம்பு சரியாக அமைந்தது. கை சரியாக அமைந்தது. கழுத்து மட்டும் இறுகிவிட்டது. தலையை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்து, ஒரு திருகுத் திருகி அவர் வெளியே வரும்போது இரண்டு காதும் சிவந்திருக்கும்.

“கொடுங்கள், கழுத்தை மட்டும் பிரித்துப் பின்னித் தருகிறோம்” என்று சொன்னோம்.

“வேண்டாம். காரியாலயத்தில் எல்லாரும் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லியாயிற்று. இப்போது திருத்தினால், முன்னே இருந்தது தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்” என்றார். குமாஸ்தா அல்லவா? குளிர்காலந்தோறும் அந்தச் சம்பாஷணை நடந்தது. குளிர்காலந்தோறும் காது சிவந்தது. அவர் 2016-இல் காலமானார். ஸ்வெட்டர் பெட்டிக்குள் போயிற்று.

லாஜ்பத் நகர் மொட்டைமாடியில் நாம் கழித்த ஐப்பசி, கார்த்திகைப் பகல்களை இப்போது நினைத்தால் அதிசயமாக இருக்கிறது. பத்து மணிக்குச் சமையல் முடியும். நார்க்கட்டில்கள் வெயிலுக்கு வரும். கோஸும் சிவப்பு முள்ளங்கியும் நறுக்கி ஊறுகாய்க்குக் காய வைப்பார்கள். பஞ்சு கொட்டுகிறவன் தோளில் வில்லோடு வந்து, பழைய ரஜாயின் பஞ்சை ‘டொய்ங், டொய்ங்’ என்று அடித்துப் புதிதாக்கிக் கொடுப்பான். வேர்க்கடலைத் தோல் ஒரு பக்கம் குவியும். ஆரஞ்சுத் தோல் ஒரு பக்கம் குவியும். நடுவே எட்டுப் பத்து ஜோடி ஊசிகள் ஓடிக்கொண்டிருக்கும். வளர்ந்துவிட்ட பையனின் சட்டை பிரிந்து தங்கைக்கு வரும். அதில் மிஞ்சிய நூல் கைக்குழந்தைக்குக் காலுறையாகும். புது நூல் வாங்குவதென்பது தீபாவளிக்குப் பண்டம் வாங்குவது போல யோசித்துச் செய்கிற காரியம். நம் வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றும் நாளில் பீஜி மேலே வந்து, தாமும் ஒரு அகலைப் பொருத்திவிட்டுப் பொரி உருண்டை வாங்கிக்கொண்டு போவார்.

1986-இல் யமுனைக்கு அக்கரையில் மயூர் விஹாருக்கு நாம் குடிபோனோம். பின்னல் விடவில்லை; பீஜியும் நம்மை விடவில்லை. பிற்பாடு மெட்ரோ ரயில் வந்து, இரண்டு வீட்டுக்கும் இடையே மூன்றே நிலையங்கள் என்று ஆகிவிட்டது. புரட்டாசிக் கடைசியில் ரயில் யமுனைப் பாலத்தைக் கடக்கும்போது கரையோரத்தில் நாணல் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம்.

இனி, ஆரம்பத்தில் தள்ளி வைத்த மூன்றாவது வாசனைக்கு வருவோம். ஐப்பசியில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுவடையாகும். அடுத்த கோதுமைக்கு நிலத்தை அவசரமாக ஒழிக்க வேண்டி, குடியானவர்கள் வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை வண்டிப் புகையோடும், ஊர்ப் புழுதியோடும், பட்டாசுப் புகையோடும் கலந்து, குளிர்ந்த காற்றில் எழும்ப மாட்டாமல் நகரத்தின் மேல் படுத்துக்கொள்கிறது. 2024-ஆம் வருஷம் நவம்பர் நடுவில் பள்ளிக்கூடங்களைக் கூட மூடிவிட்டு, குழந்தைகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்கள். சூரியன் கலங்கிய தண்ணீரில் விழுந்த செப்புக் காசு போல் தெரிந்தது. நார்க்கட்டிலை வெளியே போட யாருக்குத் துணிவு வரும்? ஊசியையும் நூலையும் நாம் இழக்கவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த வெயிலை இழந்துவிட்டோம்.

அந்த நவம்பரில் ஒரு நாள் பீஜி நம்மைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு வயது தொண்ணூறு. ஜன்னலையெல்லாம் சாத்தி, காற்றைச் சுத்தம் செய்யும் யந்திரம் ஒன்றை ஓடவிட்டு, குழல் விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய ஸ்வெட்டர், மண்ணிறம். காலஞ்சென்ற அவருடைய கணவருடையது. அந்துப்பூச்சியின் புழு முதுகுப் பக்கம் ஏழெட்டு இடத்தில் தின்றிருந்தது. பேரன், மனைவியோடும் ஒரு வயதுக் குழந்தையோடும் கானடாவிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்தான். மாதக் கடைசியில் திரும்பிப் போகிறார்கள்.

“இதைப் பிரித்துக் குழந்தைக்கு ஒரு சட்டை பின்னிக் கொடு. என் விரலுக்கு இனி ஊசி பிடிக்க வராது” என்றார். அவருடைய விரல்கள் கணுக்களில் வீங்கி, கொடியின் வேர் மாதிரி கோணியிருந்தன.

நாம் பதில் சொல்லவில்லை. புது நூல் வாங்கிப் பின்னுகிறோம், இது இப்படியே இருக்கட்டுமே என்று மெல்லச் சொன்னோம். இறந்தவர் உடம்பின் வடிவம் அந்தச் சட்டையில் இன்னும் இருந்தது. முழங்கைப் பக்கம் புடைத்திருந்தது. அதில் கத்தரிக்கோல் வைக்க நமக்குக் கை வரவில்லை.

பீஜி சிரித்தார். “அவர் உயிரோடு இருந்தபோதே இதை இரண்டு தடவை பிரித்தவள் நான். முதலில் கல்யாணமான புதிதில் பின்னினேன். தோள் அகன்றதும் பிரித்தேன். தொந்தி வந்ததும் பிரித்தேன். அப்போதெல்லாம் அவர் ஒன்றும் குறைந்து போகவில்லையே! பெட்டியில் வைத்து இத்தனை வருஷம் பூச்சிக்குப் போட்டதுதான் தப்பு.”

மறுநாள் வேலையைத் தொடங்கினோம். பின்னலைத் தொடங்கிய இடத்திலிருந்து பிரிக்க முடியாது. முடித்த இடத்திலிருந்துதான் பிரிக்கவேண்டும். கடைசியில் போட்ட கண்ணி முதலில் அவிழும். பக்கத் தையலை வெட்டிக் கழுத்தைப் பிரித்து, கையைப் பிரித்து, மார்புக்கு வந்தோம். நூல் இடியாப்பம் போலச் சுருண்டு சுருண்டு வந்தது. நாற்காலி முதுகில் அதைச் சுற்றினோம். பீஜி எண்ணிக்கொண்டே இருந்தார். பூச்சி கடித்த இடத்தில் நூல் அறும். முடிச்சுப் போட்டால் குழந்தையின் உடம்பை உறுத்தும். அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு நுனிகளையும் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஈரப்படுத்தி, உள்ளங்கைகளுக்கிடையே சூடு பிறக்கத் தேய்த்தால், செதில்கள் பற்றிக்கொண்டு நூல் ஒன்றாகிவிடும். மரப்பாச்சிக்குச் சட்டை கொடுத்த அதே குணம், இங்கே உபகாரமாயிற்று.

மார்பின் நடுவே சடைப் பின்னல் ஒன்று ஓடிற்று. பிரித்துக்கொண்டே வருகையில், ஓர் இடத்தில் கை நின்றது. மற்ற முறுக்கெல்லாம் இடப்புறமாகப் போக, அந்த ஒரு முறுக்கு மட்டும் வலப்புறமாகப் போயிருந்தது. பீஜியின் கையில் இப்படி ஒரு பிசகா? நமக்கு நம்பிக்கை வரவில்லை. அவரிடம் காட்டினோம். கண் சரியாகத் தெரியாமையால் விரலால் தடவிப் பார்த்தார்.

“1965-ஆம் வருஷத்துச் சண்டை” என்றார். “செப்டம்பர் மாதம். இரவெல்லாம் விளக்கில்லை. விரலாலேயே எண்ணிப் பின்னினேன்.”

“வெளிச்சத்தில் பார்த்ததும் ஏன் பிரிக்கவில்லை? எங்களுக்கெல்லாம் அப்படியா சொல்லிக் கொடுத்தீர்கள்?”

“பார்ப்பதற்குள் அரை முழம் மேலே ஏறிவிட்டது. பிரிக்கத்தான் போனேன். அவர் விடவில்லை. ‘இருக்கட்டும், சண்டை நடந்த இடம் தெரியட்டும்’ என்று சொல்லிவிட்டார்.”

அதற்கு மேல் அந்த இடத்தை நாம் எப்படிப் பிரிப்பது? நூலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். யந்திரம் ‘ஹும்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரம் பொறுத்து, பீஜி கையை நீட்டி நம் விரல்களிலிருந்து நூலை வாங்கிக்கொண்டார். கோணல் விரல்களால், மெதுவாக, ஒவ்வொரு கண்ணியாக அந்த வரிசையை அவரே இழுத்தார். முறுக்கு அவிழ்ந்தது. நூலின் நுனியை நம்மிடம் திருப்பிக் கொடுத்து, “ம், சுற்று” என்றார்.

சிட்டங்களை நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டை கரைத்து ஊறவைத்தோம். முறுக்காமல் பிழிந்து, அடியில் ஒரு பித்தளைச் சொம்பைக் கனத்துக்குக் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு நாளில் சுருளெல்லாம் போய் நூல் நேராகிவிட்டது. பூச்சி தின்ற இடங்களைக் கழித்த பிறகும் குழந்தைக்குத் தாராளமாகக் காணும். அங்குலத்துக்கு 6 கண்ணி, 22 அங்குலச் சுற்றளவு, 132 கண்ணி. நாம் கணக்குச் சொன்னதும் பீஜி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“இதற்காவது கழுத்தை அகலமாகப் போடு. உன் வீட்டுக்காரர் காதை நான் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன்.”

தோளில் பித்தான் வைத்துப் பின்னினோம். பதினோரு நாளில் முடிந்தது. குழந்தைக்கு அதைப் போட்டுப் பார்த்தபோது, அது இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தலை நுழைந்தது தெரியாமல் சிரித்தது. மார்பில் சடைப் பின்னல் எதுவும் போடவில்லை, பீஜி வேண்டாமென்றார். சாதாரணச் சட்டைதான். லூதியானாவிலிருந்து வரும் யந்திரச் சட்டைகள் இதைவிட அழகாகவும் மலிவாகவும் கடைகளில் தொங்குகின்றன. அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நூலைக் கானடாவின் பனிக்கு வழியனுப்பிவிட்டு, பீஜி அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டார் என்று மருமகள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். நீல ஸ்வெட்டர் அந்துருண்டையின் வாசனையோடு மடித்தபடி இருந்தது. பூச்சி தொடவில்லை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தோம். முழுவதையும் பிரிக்க மனம் இசையவில்லை. பிரிக்க அவசியமும் இல்லை. ஆனால் கழுத்து என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னியது. ஆகவே, மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் அவிழ்க்கலாம்.

அவிழ்த்தோம். இருபது கண்ணி அதிகமாக ஏற்றி, இறுக்காமல் முடித்தோம். இரண்டு நாள் வேலை. கார்த்திகை விளக்கு நாளன்று விடியற்காலையில் நல்ல குளிர். வாசலில் கோலம் போடப் போகுமுன் அந்த ஸ்வெட்டரை நாமே எடுத்துப் போட்டுக்கொண்டோம். கை நீளம் அதிகம். இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. தலை சுலபமாக நுழைந்தது. காது சிவக்கவில்லை. அவர் இருந்திருந்தால், “இதை 1972-லேயே செய்திருக்கலாமே!” என்று கேட்டிருப்பார்.

செய்து தருகிறோம் என்று அப்போதே சொன்னவர்கள் நாம்தான் என்பதை நேயர்கள் தயைசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.